மைக்கு இடம் விட்ட எழுத்து

[திரையில்: கறுப்பான பெரிய 'எம்' எழுத்து. கேமரா மெல்ல மூலைக்கு நெருங்குகிறது.]

எலி கடித்த மாதிரி இருக்கிறது, இல்லையா? கோடும் கோடும் சேருகிற மூலையில் எல்லாம் ஒரு வெட்டு. கை தவறியதல்ல, தெரிந்தே வெட்டியது.

எழுத்துருவின் பெயர் பெல் சென்டினியல். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்துக்காக மேத்யூ கார்ட்டர் வரைந்தார், 1978இல் வந்தது. இதற்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: டெலிபோன் டைரக்டரி.

[திரையில்: டைரக்டரிப் பக்கம், பக்கத்தில் ஒரு ஸ்கேல்.]

அளவு 6 பாயின்ட். மேலும் கீழும் நீளும் பகுதிகளையும் சேர்த்தே உயரம் 2 மில்லிமீட்டர் சொச்சம்தான். தாள் மட்டரகம், இயந்திரம் அசுர வேகம். மை ஊறாமல் என்ன செய்யும்?

இதற்கு முன் அங்கே இருந்தது 1938இன் பெல் காதிக். உலோக அச்சுக்கு அது அருமையாகப் பொருந்தியது. 1970களில் எழுத்துக்கோப்பு, அதாவது அச்சுக்கு எழுத்தை அடுக்கும் வேலை, உலோகத்தை விட்டு ஒளியால் எழுத்தைப் பதிக்கும் முறைக்கு மாறியதும் அதே கோடுகள் மெலிந்து, அங்கங்கே அறுந்தும் போயின. சரி, மையைக் கூட்டுவோம் என்றால் 8இன் வயிறு அடைத்துக்கொள்ளும். எண்ணை மாற்றிப் படித்தால் ஃபோன் வேறு வீட்டில் மணியடிக்கும்!

கார்ட்டர் மையோடு சண்டைக்குப் போகவில்லை. எப்படியும் பரவத்தானே போகிறது என்று, அது பரவ இடம் விட்டு வரைந்தார். அந்த வெட்டுக்குப் பெயர் இங்க் ட்ராப். மூலையில் தேங்கும் மை வெட்டை நிரப்பும். தாளில் மூலை ஒழுங்காகத் தெரியும். 3, 6, 9 எண்களின் வாயையும் நன்றாகத் திறந்துவிட்டார். எல்லாமே கட்டம் கட்டமாக, கையால் புள்ளி வைத்து வரைந்தவை.

[திரையில்: ஒரே முகவரி, பழைய எழுத்துருவில் இரண்டு வரி, புதியதில் ஒரு வரி.]

பெயரும் எண்ணும் தடித்த எழுத்தில். முகவரிக்கு மெல்லிய, ஒடுங்கிய எழுத்து. அகலம் குறைந்ததால் இரண்டாம் வரிக்கு வழியும் முகவரிகள் குறைந்தன. லட்சக்கணக்கான பெயர்கள் உள்ள புத்தகத்தில் வரி மிச்சம் என்றால் தாள் மிச்சம்.

சாதாரண எழுத்தை மென்பொருளில் 70 சதவீதத்துக்கு அமுக்கினால் போதாதா? போதாது. நிற்கும் கோடுகள் மெலியும், படுத்த கோடுகள் அதே தடிமனில் இருக்கும். அவசரத்தில் அடித்த பேனர்களில் இந்தக் கொடுமையை நிறையப் பார்க்கலாம். ஒடுங்கிய எழுத்து என்றால் ஒவ்வொரு கோட்டையும் புதிதாக வரைந்தாக வேண்டும்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2011இல் தன் சேகரிப்பில் சேர்த்த 23 டிஜிட்டல் எழுத்துருக்களில் இதுவும் ஒன்று. அப்புறம், போஸ்டர்களில் இதைப் பெரிதாக்கி, வெட்டுகளையே அலங்காரமாகக் காட்டுகிறவர்களும் உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மறைந்துபோகவே வரைந்த வெட்டை மேடையேற்றுவது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

நீங்கள் பயன்படுத்தப் போகிறீர்களா? விலைப்பட்டியல், மருந்து லேபிள், கால அட்டவணை மாதிரி இடங்களில் 6, 7 பாயின்டில் வைத்துப் பாருங்கள். புரூஃபை லேசர் பிரின்டரில் எடுத்து முடிவு செய்யாதீர்கள். அதில் மை ஊறாது, வெட்டு அப்படியே நிற்கும். அச்சகத்தில் ஓடப்போகும் அதே தாளில் ஒரு பக்கம் ஓட்டித் தரச் சொல்லுங்கள்.