பழைய பிக்கப்பில் முதலில் எர்த்தைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. பிரேக்கை மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரியும். உடனே பல்பை மாற்றுவார்கள். சரியாகாது. இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் ஃபிளாஷரை மாற்றுவார்கள், அப்புறம் ஸ்விட்சை. பெரும்பாலும் மூன்றும் நன்றாகத்தான் இருந்திருக்கும். டெயில் லைட்டின் எர்த்துதான் போயிருக்கும்.

கரண்ட் பல்புக்குப் போனால் மட்டும் போதாது, பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பி வரவும் வேண்டும். அந்தத் திரும்பும் வழிதான் எர்த். வண்டியில் அது பெரும்பாலும் ஒயர் அல்ல, சேஸிஸ் இரும்புதான். எர்த் போல்ட்டில் துரு ஏறி வழி அடைபட்டால், பிரேக் லைட்டுக்கு வந்த கரண்ட் பக்கத்து இண்டிகேட்டர் பல்பின் இழைக்குள் புகுந்து வேறு எர்த்தைத் தேடிப் போகும். அந்த மங்கல் வெளிச்சம் அதனால் வருவது.

பிக்கப்பில் இந்தத் தொல்லை அதிகம். கேபின் தனி, லோடு பாடி தனி. கேபினும் எஞ்சினும் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கும், ரப்பர் கரண்டைக் கடத்தாது. இவற்றையெல்லாம் பேட்டரியோடு இணைப்பது சில பின்னல் பட்டைகள்தான். சேறும் தண்ணீரும் முதலில் அடிப்பதும் அவற்றைத்தான்.

எர்த்தைச் சோதிக்கப் பலர் மல்டிமீட்டரை ஓம்ஸில், அதாவது மின்தடை அளவில் வைக்கிறார்கள். அதை நான் நம்புவதில்லை. ஓம்ஸில் மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். ஒயருக்குள் ஒரே ஒரு செப்பு இழை மிஞ்சியிருந்தாலும் நல்லது என்றே காட்டிவிடும். அதற்குப் பதிலாக மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். லைட் எரிந்துகொண்டே இருக்கட்டும். ஒரு முனையை ஹோல்டரின் எர்த்திலும் மறு முனையை பேட்டரியின் மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் கவலை இல்லை. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் குறை அந்த வழியில்தான்.

சரிசெய்யும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். பிளஸை முதலில் தொட்டால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் பெரிய பொறி பறக்கும். எர்த் போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். ஒயரின் முனையையும் பாருங்கள். உறையைச் சீவினால் செம்பு கறுத்திருக்கும், அல்லது பச்சைப் பொடி உதிரும். அந்தத் துண்டு உதவாது. செந்நிறச் செம்பு வரும்வரை வெட்டிவிட்டுப் புது லக்கை, அதாவது போல்ட்டில் மாட்டும் வளைய முனையை, நெருக்கிப் பொருத்துங்கள். போல்ட்டை இறுக முடுக்கி, ஈரம் புகாதபடி மேலே கொஞ்சம் கிரீஸ் பூசினால் வேலை முடிந்தது.

அடுத்தது பியூஸ். திரும்பத் திரும்பப் போகிறதே என்று 15 ஆம்பியர் நீலப் பியூஸ் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் பச்சையைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பியூஸ் காப்பது பல்பை அல்ல, ஒயரை. பெரிய பியூஸ் போட்டால் ஒயர் உருகி வண்டியே தீப்பிடிக்கலாம். ஷார்ட், அதாவது உறை உரிந்த ஒயர் இரும்பைத் தொடும் இடம், எங்கே என்று தெரியவில்லையா? அந்த லைனில் உள்ள பல்புகளைக் கழற்றிவிட்டு, பியூஸ் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை ஒயர் வைத்து மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் அது முழு வெளிச்சத்தில் எரியும். இப்போது ஒயர் கட்டைப் பின்பக்கம்வரை அசைத்துக்கொண்டே போங்கள். சேஸிஸ் கிளிப்புகள், டெயில்கேட் மடியும் இடம், டிரெய்லர் சாக்கெட் ஆகியவற்றைக் கூடுதலாகக் கவனியுங்கள். எங்கே தொடும்போது பல்பு அணைகிறதோ, உறை உரிந்த இடம் அதுவே.

இரவில் நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால், பேட்டரி மீது பழி போடும் முன் அளந்து பாருங்கள். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் இருக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் ஏதோ ஒன்று இரவெல்லாம் கரண்டை உறிஞ்சுகிறது. சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் இணையுங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் அளவு இறங்குகிறதோ, குறை அந்த லைனில். பிற்பாடு மாட்டிய ஸ்டீரியோவையும் டேஷ்போர்டு பெட்டி விளக்கையும் முதலில் சந்தேகப்படுங்கள். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது மட்டும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் தாங்காது.

நன்றி, வணக்கம்.