சேவையகங்களுக்கு மாறாத முகவரியைத் தானாக வழங்குவது எப்படி?

[திரையில்: செம்பனைத் தோட்ட அலுவலகம், பின்னறையில் மூன்று சேவையகங்கள்.]

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணம் ஒன்றில், செம்பனைக் குலைகளின் எடைக் கணக்கு, சம்பளப் பட்டியல், கோப்புச் சேமிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியே சேவையகம், அதாவது மற்றக் கணினிகளுக்குச் சேவை தரும் கணினி, வைத்திருக்கும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். லோரியின் எடையைப் பதியும் கணினி, எடைக் கணக்குச் சேவையகத்தை 192.168.10.11 என்ற ஐபி முகவரியில், அதாவது வலையமைப்பில் அதைக் குறிக்கும் எண்ணில், தேடுகிறது. அந்த முகவரி யாரோ ஒருவரின் கைப்பேசிக்குப் போய்விட்டால், லோரிகள் வாசலில் வரிசைகட்டி நிற்க வேண்டியதுதான்.

முகவரியை ஒவ்வொரு சேவையகத்திலும் கையால் எழுதிவிடலாம்; பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எதற்கு எந்த முகவரி என்ற விவரம், அதை அமைத்தவர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகும்போது அவரோடு போய்விடுகிறது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைத்து, அங்கிருந்தே வழங்கச் செய்வது மேல்.

[திரையில்: இரண்டு பெட்டிகளுக்கிடையே நான்கு அம்புக்குறிகள்.]

இந்தப் பணிக்கென உள்ள நெறிமுறை டிஎச்சிபி. அதன் இன்றைய வரையறை 1997-இல் வெளியானது. இயங்கத் தொடங்கும் இயந்திரம், முகவரி தருவார் உண்டா என்று வலையமைப்பு முழுவதிலும் கேட்கிறது, டிஎச்சிபி சேவையகம் ஒரு முகவரியை முன்வைக்கிறது, இயந்திரம் அதை வேண்டுகிறது, சேவையகம் உறுதிசெய்கிறது. இப்படிக் கிடைப்பது குறிப்பிட்ட காலத்துக்கான குத்தகை மட்டுமே. பாதிக் காலம் கழிந்ததும் இயந்திரம் அதைப் புதுப்பித்துக்கொள்ள முயலும்.

தோட்டத்தில் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வேலைக்கான மர வரிசையை, அதாவது நிரையை, பிரித்துக் கொடுக்கும்போது, சிலருக்கு மட்டும் இன்ன நிரை என்று ஏட்டிலேயே எழுதி வைத்திருப்பதைப் போன்றதுதான் முகவரி ஒதுக்கீடு. சேவையகத்தின் வலை அட்டைக்குரிய அடையாள எண்ணான 48 பிட் மேக் முகவரியையும், அதற்கு எப்போதும் தரவேண்டிய ஐபி முகவரியையும் இணைத்து, டிஎச்சிபி சேவையகத்தின் கோப்பில் எழுதிவிடுகிறோம்; அதுதான் நம் ஏடு. வருவோர் போவோருக்கான முகவரிகளின் கடைசி எண்ணை 100 முதல் 200 வரை வைத்துக்கொண்டு, சேவையகங்களுக்கு அதற்கு வெளியே, 11, 12, 13 என்று ஒதுக்குவது குழப்பம் தவிர்க்கும். பழைய இயந்திரம் பழுதாகிப் புதியது வந்தால், ஏட்டில் மேக் முகவரியை மட்டும் மாற்றினால் போதும். எடை பார்க்கும் கணினியைத் தொடவே வேண்டாம்.

[திரையில்: ஒரே இயந்திரத்தின் இரண்டு நகல்கள்.]

பலர் தடுமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. இயந்திரம் தனக்கென ஓர் அடையாளக் குறியை அனுப்பினால், டிஎச்சிபி சேவையகம் அந்தக் குறியைக் கொண்டே அதை அறிய வேண்டும் என்கிறது வரையறை. லினக்ஸில் வலை இணைப்பைக் கவனிக்கும் நிரலான சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, இந்தக் குறியை இயல்பாகவே மெஷின்-ஐடி என்ற கோப்பிலிருந்து உருவாக்குகிறது. ஆகவே, ஒரு மெய்நிகர் இயந்திரத்தை, அதாவது மென்பொருளாகவே இயங்கும் கணினியை, அப்படியே நகலெடுத்தால், மேக் முகவரிகள் வேறாக இருந்தும் இரண்டுக்கும் ஒரே முகவரி கிடைத்துவிடக்கூடும். நகலெடுப்பதற்கு முன் அந்தக் கோப்பைக் காலி செய்துவிடுங்கள்; அடுத்த முறை இயங்கும்போது புதிய குறி உருவாகும். அல்லது, மேக் முகவரியையே அடையாளமாக அனுப்பும்படி, லினக்ஸில் வலை இணைப்பை அமைக்கும் கருவியான நெட்பிளானில் அமைத்துவிடலாம்.

டிஎச்சிபி சேவையகத்தின் சொந்த முகவரியை மட்டும் கையால்தான் எழுத வேண்டும். ஒதுக்கீடுகள் எழுதப்பட்ட கோப்பின் நகலை இன்னொரு கணினியிலும் வைத்துக்கொள்ளுங்கள். இடி மின்னலில் டிஎச்சிபி சேவையகம் கருகிப்போனால், புதியதில் அதே கோப்பை ஏற்றி வேலையைத் தொடரலாம்.