கரும்புள்ளிக்குள் நடக்கும் வேலை

நண்பர்களே, வணக்கம்.

மேசை மேல் இருக்கும் இந்தக் கண்ணாடித் தட்டில் கருகிய காகிதத் துண்டு போல ஒன்று கிடக்கிறது. விரலால் அழுத்தினால் நொறுங்கிவிடும். கொலீமா என்ற லைக்கன் இது. இதன் மேல் இப்போது சில சொட்டுத் தண்ணீர் விடுகிறேன். அது தன் வேலையைப் பார்க்கட்டும், நாம் பேசிக்கொண்டிருப்போம்.

பூஞ்சை தங்க இடம் தருகிறது, பாசி உணவு தருகிறது: லைக்கனைப் பற்றிப் பள்ளியில் நாம் படித்தது அநேகமாக இந்த ஒரு வரிதான். அந்த வரி பொய்யில்லை. ஆனால் உள்ளே நடக்கும் கொடுக்கல் வாங்கல் எதையும் அது காட்டுவதில்லை. பூஞ்சையின் கூட்டாளி பச்சைப் பாசியாக இல்லாமல் சயனோபாக்டீரியாவாக, அதாவது நாம் நீலப்பச்சைப் பாசி என்று சொல்லிவந்த நுண்ணுயிராக இருந்துவிட்டால், கணக்கே வேறு.

முதலில் கொஞ்சம் வரலாறு. லைக்கன் ஒரே உயிர் அல்ல, பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டு என்று 1867இல் அறிவித்தவர் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர். லைக்கன் அறிஞர்கள் பலர் கொதித்துப்போனார்கள். ஷ்வெண்டனர் சொன்ன உவமை எனக்கு மிகவும் பிடிக்கும். சிலந்தி இரையைச் சுற்றி வலை பின்னுவது போலப் பூஞ்சை பாசியைச் சுற்றி இழை பின்னுகிறது. சிலந்தி இரையை உறிஞ்சிக் கொன்றுவிடும், பூஞ்சையோ வலையில் சிக்கியதை இன்னும் மும்முரமாக வேலை செய்யவைக்கிறது என்றார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஜெர்மனியின் அன்டன் டி பாரி இத்தகைய வாழ்வுக்குக் கூட்டுயிர் வாழ்வு என்ற பொதுப்பெயரை நிலைநிறுத்தினார். இருவருக்கும் நன்மை இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை அவருடைய வரையறையில் இல்லை. வெவ்வேறு இன உயிர்கள் சேர்ந்து வாழ்கின்றன, அவ்வளவுதான். இந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

இப்போது பெல்டிஜெரா என்ற இலை போன்ற லைக்கனுக்கு வருவோம். அதன் மடலைக் குறுக்கே வெட்டி நுண்நோக்கியில் வைத்தால், மேல்தோலுக்குச் சற்றுக் கீழே நீலப்பச்சையாக ஒரு பட்டை தெரியும். நாஸ்டாக் என்ற சயனோபாக்டீரியா அங்கே மணிமாலை போலச் சங்கிலிகளாகச் சுருண்டு கிடக்கிறது. ஒளிச்சேர்க்கையில் அது ஆக்கிய சர்க்கரையில் பெரும்பங்கு குளுக்கோஸாக வெளியே கசிகிறது. பூஞ்சை அதை உடனே வாங்கி மான்னிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலாக மாற்றிவைத்துக்கொள்கிறது. நாஸ்டாக்கைப் பிரித்தெடுத்துத் தனியே வளர்த்தாலோ, இந்தக் கசிவு விரைவில் நின்றுவிடுகிறது. பூஞ்சையின் அருகாமைதான் அதைக் கசியவைக்கிறது.

சர்க்கரை தருவது பச்சைப் பாசிக்கும் முடியும். நாஸ்டாக்கின் தனிச்சிறப்பு நைட்ரஜன். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் இருந்தும், அதன் மூலக்கூற்றைப் பிளப்பது பெரும்பாடு. உரத் தொழிற்சாலையில் அதற்கு 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமும், வளிமண்டலத்தைப் போல நூறு மடங்கையும் தாண்டிய அழுத்தமும் வேண்டும். நாஸ்டாக் அதை மழை நனைத்த பாறை மேல் செய்கிறது. ஒரே இடைஞ்சல், இந்த வேலைக்கான நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஒளிச்சேர்க்கையோ ஆக்சிஜனை வெளிவிடும். அதனால் சங்கிலியில் சில செல்கள் மட்டும் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டு, ஆக்சிஜன் உண்டாக்குவதை நிறுத்திவிட்டு, நைட்ரஜன் வேலைக்கென்றே மாறிவிடுகின்றன. ஹெட்டிரோசிஸ்ட் என்று பெயர். அவை இனிப் பிளவுபட்டுப் பெருகாது. அக்கம்பக்கத்துச் செல்கள் தரும் சர்க்கரையில்தான் வாழ வேண்டும்.

இதோ, திரையில் உள்ள படம் பெல்டிஜெரா அப்தோசா. நனைந்திருப்பதால் பளிச்சென்ற பச்சை. இந்தப் பச்சை, கொக்கோமிக்ஸா என்ற பாசியுடையது. மேற்பரப்பில் குண்டூசித் தலை அளவுக்குக் கரிய மருக்கள் தெரிகின்றன அல்லவா? அவற்றைச் செபலோடியா என்பார்கள். நாஸ்டாக் குடியிருப்பது அங்கேதான். ஒரு பூஞ்சை, இரண்டு கூட்டாளிகள். நான் இன்று இங்கே நிற்பதே இந்தக் கரும்புள்ளிக்காகத்தான்.

இரண்டே பேர் வாழும் லைக்கனில் நாஸ்டாக் சர்க்கரையும் தர வேண்டும், நைட்ரஜனும் தர வேண்டும். அங்கே நூறு செல்லில் ஐந்து போலத்தான் ஹெட்டிரோசிஸ்ட். இந்த மருவுக்குள்ளோ இருபதை ஒட்டி இருக்கும். சர்க்கரைப் பொறுப்பைப் பச்சைப் பாசி ஏற்றுக்கொண்டதால் நாஸ்டாக் கிட்டத்தட்ட முழுநேரமும் நைட்ரஜன் வேலைக்கே போய்விட்டது. நைட்ரஜனிலிருந்து ஆக்கிய அம்மோனியாவைத் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும் நொதியும் அதற்குள் குறைந்துபோகிறது. ஆக்கியதில் பெரும்பகுதி பூஞ்சைக்குப் போய்விடுகிறது. உயிர் மாறவில்லை, யாரோடு வாழ்கிறது என்பது மாறியதும் அதன் உடலின் விகிதமே மாறிவிட்டது. இதை அடிமைத்தனம் என்பதா, நட்பு என்பதா? இரண்டு சொல்லும் இங்கே பொருந்தவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கூட்டின் பயன் லைக்கனோடு நிற்பதில்லை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரப் பழமையான காடுகளில் லோபாரியா ஓரெகானா என்ற லைக்கன் டக்ளஸ் ஃபிர் மரங்களின் உச்சிக்கிளைகளில் மண்டி வளர்கிறது. அது உதிர்ந்து மட்கும்போது அதிலிருக்கும் நைட்ரஜன் காட்டு மண்ணில் சேர்கிறது. ஆனால் காற்றில் கந்தக டை ஆக்சைடு கூடினால் முதலில் மறைபவற்றில் சயனோபாக்டீரியா கொண்ட லைக்கன்களும் உண்டு. எனக்கு இதில் பெரிய கவலை இருக்கிறது. அப்படி மறைந்தவை எளிதில் திரும்பி வருவதில்லை. பூஞ்சையின் வித்து காற்றில் தனியாகத்தான் பறந்து வருகிறது. விழுந்த இடத்தில் பொருத்தமான நாஸ்டாக் கிடைத்தால்தான் மறுபடி லைக்கன் உருவாகும்.

இனி தட்டைப் பார்க்கலாம். பச்சைப் பாசி லைக்கனுக்குக் காற்றின் ஈரப்பதம் போதும், ஒளிச்சேர்க்கை தொடங்கிவிடும். சயனோபாக்டீரியா லைக்கனுக்கு நீராகவே வேண்டும்; அதற்காகத்தான் சொட்டு விட்டேன். கருகிய காகிதம் போலிருந்தது ஆலிவ் நிறத்தில் கூழாக உப்பி நிற்கிறது. கொலீமாவுக்குத் தனித் தோல் கிடையாது. அந்தக் கூழ் முழுக்க நாஸ்டாக் சங்கிலிகளும், ஊடே ஓடும் பூஞ்சை இழைகளும்தான். உருப்பெருக்கி பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொருவராக வந்து பாருங்கள். விளிம்பைத் தொட்டும் பார்க்கலாம்.