எட்டுக் கட்டம், எட்டு நிமிடம்

வணக்கம். உங்கள் நாற்காலிகளில் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் வைக்கச் சொல்லியிருந்தேன். சிலர் அதை விசிறியாக்கிவிட்டீர்கள். இந்த அரங்கின் புழுக்கத்தில் குற்றம் சொல்ல முடியாது. பிரித்து நீவிக்கொள்ளுங்கள். தாளை நடுவில் மடியுங்கள். இன்னொரு முறை. மறுபடியும் ஒரு முறை. விரித்தால் எட்டுக் கட்டம். கட்டத்துக்கு ஒரு நிமிடம், ஒரு யோசனையின் படம். பயிற்சி இவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதை 'கிரேசி எய்ட்ஸ்' என்கிறார்கள். தமிழில் எழுதினால் ஏதோ நோய் விழிப்புணர்வுக் கூட்டம் போலிருக்கிறது. நான் 'எட்டுக் கட்டம்' என்றே சொல்கிறேன்.

இதைப் பரவலாக்கியது கூகுளில் ஜேக் நாப் உருவாக்கிய 'டிசைன் ஸ்பிரிண்ட்' என்ற, ஒரு யோசனையை வடிவமைத்துச் சோதிக்கும் ஐந்து நாள் வேலைமுறை. திங்களன்று சிக்கலை அலசுவார்கள். வெள்ளியன்று ஒரு மாதிரியைப் பயனர்கள் கையில் கொடுத்துப் பார்ப்பார்கள். எட்டுக் கட்டம் வருவது செவ்வாய்க்கிழமை. வரையும் நேரத்தில் அறையில் அத்தனை பேர் இருந்தும் யாரும் வாய் திறப்பதில்லை.

அதென்ன, கூட்டம் கூட்டிவிட்டு மௌன விரதம்? நியாயமான கேள்வி. கூடிப் பேசினால் யோசனை பெருகும் என்று உலகத்தை நம்பவைத்தவர் அமெரிக்க விளம்பரத் துறைக்காரர் அலெக்ஸ் ஆஸ்பார்ன். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நால்வர் சேர்ந்து பேசிச் சொன்ன யோசனைகளை, நால்வர் தனித்தனியே எழுதியவற்றின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டார்கள். தனித்தனியே எழுதியவர்களிடம் ஏறக்குறைய இரு மடங்கு தேறியது. காரணம் பிடிபடப் பல ஆண்டுகள் ஆயின. 1987-இல் ஜெர்மனியின் டீல், ஸ்ட்ரோபே என்ற உளவியலாளர்கள் சுட்டிய முதன்மைக் காரணம் கூச்சமோ சோம்பலோ அல்ல, முறைக்காகக் காத்திருப்பது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது யோசனை நழுவிவிடுகிறது. நம் கூட்டங்களில் ஒலிவாங்கி கடைசி வரிசைக்குப் போய்ச் சேருவதற்குள் கேள்வி கேட்க எழுந்தவருக்கே கேள்வி மறந்துவிடுகிறதே, அதேதான்.

தாளில் வரையும்போது யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஜெர்மானியர் பெர்ன்ட் ரோர்பாக் 1968-இலேயே இதற்கு ஒரு வழி சொல்லியிருந்தார்: ஆறு பேர், ஐந்து நிமிடத்தில் ஆளுக்கு மூன்று யோசனை, பிறகு தாளைப் பக்கத்திலிருப்பவரிடம் தள்ளிவிட வேண்டும். ஆறு சுற்று முடிந்தால் அரை மணியில் 108. அத்தனையும் உருப்படி என்று நான் சொல்லவில்லை.

ஒரு முறை, முதியவர்கள் மாத்திரை சாப்பிட மறக்காமலிருக்க ஒரு செயலி வடிவமைக்க உட்கார்ந்தோம். எல்லோருடைய முதல் மூன்று கட்டங்களிலும் மணி, அலாரம், சிவப்புப் புள்ளி. நான்காவதில் கை தயங்கும். ஐந்தாவதில் உண்மையிலேயே ஒன்றும் தோன்றாது. அந்த நிமிடம் நீளமானது. குழுவிலிருந்த கணக்காளர், "எனக்கு ஒரு வட்டம்கூட ஒழுங்காக வராது" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவர், ஆறாவது கட்டத்தில் ஒரு தட்டும் அதில் இரண்டு இட்லியும் வரைந்தார். பக்கத்தில் ஒரு மாத்திரை. அவருடைய அம்மாவுக்கு மணி எட்டா ஒன்பதா என்பது பொருட்டில்லை. காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, ராத்திரிப் பால், இவைதான் அவருடைய கடிகாரம். எங்கள் திரையிலிருந்து மணிக்கணக்கே போய்விட்டது. வாய்விட்டுக் கேட்டிருந்தால் அந்த மனிதர் பேசியிருக்கவே மாட்டார். மேலாளர் பேசி முடித்திருப்பார், நாங்கள் தலையாட்டியிருப்போம்.

இதை நடத்துகிறவர்கள் செய்யும் பிழைகளில் ஒன்று எனக்கு எரிச்சலூட்டுவது. "இதோ இப்படி" என்று முதலில் ஒரு மாதிரிப் படத்தைக் காட்டிவிடுவார்கள். 1991-இல் ஜான்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள், சிந்தாத காப்பிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். உறிஞ்சுகுழல் கூடாது என்பது நிபந்தனை. ஆனால் ஒரு சாராருக்கு உறிஞ்சுகுழல் வைத்த மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். கூடாதென்று படித்த பிறகும் அவர்களில் பலர் அதையே வரைந்துவைத்தார்கள். கண் பார்த்ததைக் கை விடுவதில்லை.

இன்னொன்று: எட்டும் எட்டு வெவ்வேறு யோசனையாக இருக்க வேண்டியதில்லை. நாப்பின் முறையில், கையிலிருக்கும் நல்ல யோசனை ஒன்றையே வேறெப்படிச் செய்யலாம் என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குத்தான் இது. எட்டுக் கட்டத் தாளை அவர் யாரிடமும் காட்டவும் சொல்வதில்லை. அதன்பிறகு நிதானமாக வரையும் படம்தான் சுவருக்குப் போகும். காட்ட வேண்டியதில்லை என்று தெரிந்தால் கை எவ்வளவு துணிகிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள். மெல்லிய பென்சில் வேண்டாம், பட்டையான ஸ்கெட்ச் பேனா எடுங்கள். அதில் நுணுக்கம் வராது, அழிக்கவும் முடியாது.

சரி, உங்களுக்கான சிக்கல். ஒலிவாங்கியைக் கை மாற்றாமல் கடைசி வரிசைக்காரரின் கேள்வி மேடைக்கு எப்படி வந்து சேரும்? பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்காதீர்கள். ஐந்தாவது கட்டத்தில் என்னைத் திட்டத் தோன்றும்; திட்டிக்கொண்டே வரையுங்கள். முதல் கட்டம், ஒரு நிமிடம், இப்போது.