ஒரு வீட்டின் இருமல்

நேயர்களுக்கு வணக்கம்.

காசநோய்ப் பிரிவில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். சளிப் பரிசோதனையில் நோய் உறுதியாகிவிட்டது என்று சொன்னதும், நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "டாக்டர், இது யார்கிட்டேயிருந்து வந்துச்சு?" கேட்கும்போதே அவர்கள் மனதில் ஒரு பெயர் இருக்கும். போன வருடம் இறந்துபோன மாமியாராக இருக்கலாம், புதிதாக வீட்டுக்கு வந்த மருமகளாக இருக்கலாம்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எக்ஸெட்டர் என்றொரு சின்ன ஊர். 1892ஆம் ஆண்டு அந்த ஊரிலும் இதே கேள்வி எழுந்தது. ஊரார் ஒரு பெயரைச் சொன்னார்கள். மெர்சி லீனா பிரவுன், வயது 19. அவர்கள் அப்படிச் சொன்னபோது அவள் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அமெரிக்காவின் ரத்தக் காட்டேரி என்று இன்றைக்கும் உலகமெல்லாம் பேசப்படுகிற பெண் அவள்தான். அந்த வீட்டில் உண்மையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

ஜார்ஜ் பிரவுன் ஒரு சாதாரண விவசாயி. 1883 டிசம்பரில் அவர் மனைவி மேரி எலைசா சயரோகத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் மூத்த மகள் மேரி ஆலிவ் போய்ச் சேர்ந்தாள். துணி தைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த பெண், வயது 20. அப்புறம் சில வருடங்கள் வீட்டில் சாவு இல்லை. சனியன் விட்டது என்று ஜார்ஜ் நினைத்திருப்பார். பிறகு மகன் எட்வின் இருமத் தொடங்கினான். நல்ல திடகாத்திரமான வாலிபன். மலைக்காற்று பட்டால் நெஞ்சு தேறும் என்று அந்தக் காலத்து மருத்துவர்கள் நம்பியதால், அவன் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குப் போனான். அவன் அங்கே இருக்கும்போது இங்கே தங்கை மெர்சி படுத்துவிட்டாள். அவளுக்கு வந்தது வேகமான வகை. ஆங்கிலத்தில் அதற்குக் குதிரைப் பாய்ச்சலைச் சொல்லிப் பெயர் வைத்திருந்தார்கள். 1892 ஜனவரி 17 அன்று அவள் இறந்தாள். எட்வின் குணமாகாமலேயே ஊர் திரும்பினான்.

இந்த நோய்க்கு மனிதர்கள் வைத்த பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆங்கிலத்தில் 'கன்சம்ப்ஷன்' என்றார்கள், அதாவது தின்று தீர்ப்பது. நம்மவர்கள் 'என்புருக்கி' என்றார்கள், எலும்பை உருக்குவது. பார்த்துப் பார்த்து வைத்த பெயர்கள் இவை. கன்னம் ஒட்டிப்போகும். தோல் வெளுக்கும். காய்ச்சலில் கன்னத்தில் மட்டும் ஒரு சிவப்பு ஏறும். ராத்திரியில் வியர்த்துக் கொட்டும். விடியற்காலையில் இருமினால் வாயோரம் ரத்தம். யாரோ இரவில் வந்து உயிரை உறிஞ்சிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ தோன்றினால், அதை முட்டாள்தனம் என்று என்னால் ஒதுக்க முடியாது. அந்த உடம்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

எக்ஸெட்டர் ஊரார் 'காட்டேரி' என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. அதை ஒட்டவைத்தவை செய்தித்தாள்கள். கறுப்பு அங்கியும் கோரைப்பல்லுமாக யாரோ கல்லறையிலிருந்து எழுந்து வருகிறார் என்று ஊரார் நினைக்கவும் இல்லை. அவர்களுடைய நம்பிக்கை வேறு. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தால், இறந்தவர்களில் ஒருவருடைய இதயத்தில் இன்னும் ரத்தம் இருக்கிறது என்று பொருள். அது உயிரோடு இருப்பவரின் சத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இதயத்தை எரித்தால் இழுப்பு நின்றுவிடும். மைக்கேல் பெல் என்ற நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் பல வருடம் தேடி, இப்படி உடலைத் தோண்டி எடுத்த சம்பவங்கள் சுமார் 80 இருப்பதாகத் திரட்டியிருக்கிறார். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே இது நடந்திருக்கிறது.

ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1820இல் எக்ஸெட்டரில் 2500 பேருக்கு மேல் இருந்தார்கள். 1892இல் மிஞ்சியது 961. மண்ணெல்லாம் கல். உள்நாட்டுப் போர் சிலரைக் கொண்டுபோனது, மேற்கே நல்ல நிலம் கிடைக்கிறது என்ற செய்தி பலரைக் கொண்டுபோனது. ஆளில்லாத வீடுகளுக்கு நடுவே மிச்சமிருந்தவர்களைச் சயரோகம் பிடித்தது. இப்படிப்பட்ட ஊரில், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜார்ஜிடம் வந்து நின்றார்கள். மனைவி போயாச்சு, இரண்டு பெண்கள் போயாச்சு, எட்வினையாவது காப்பாற்ற வேண்டாமா என்று கேட்டார்கள்.

ஜார்ஜுக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. அதை அவர் சொன்னதாகப் பத்திரிகையிலேயே வந்திருக்கிறது. ஆனால் கடைசியில் சரி என்றார். ஒரே மகன் சாகக் கிடக்கிறான். ஊரே சொல்கிறதைச் செய்யாமல் விட்டு அவனும் போய்விட்டால், அதற்கப்புறம் அந்த ஊரில் எப்படி முகம் காட்டுவது? தோண்டுகிற இடத்துக்கு மட்டும் அவர் போகவில்லை.

1892 மார்ச் 17. பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் செஸ்ட்நட் ஹில் கல்லறைத் தோட்டம். ஊர்க்காரர்கள் சிலர், விக்ஃபோர்டிலிருந்து வரவழைக்கப்பட்ட மருத்துவர் ஹெரால்ட் மெட்காஃப், 'பிராவிடன்ஸ் ஜர்னல்' பத்திரிகையின் நிருபர் ஒருவர் வந்திருந்தார்கள். முதலில் தாயையும் மூத்த மகளையும் தோண்டினார்கள். ஏறக்குறைய எட்டு வருடம் ஆகிவிட்டது, அந்த உடல்களில் ரத்தம் ஏது? அப்புறம் மெர்சியின் பெட்டியைத் திறந்தார்கள். உடல் கெடாமல் இருந்தது. மெட்காஃப் மார்பைத் திறந்து இதயத்தையும் கல்லீரலையும் எடுத்தார். இதயத்தை வெட்டியபோது உள்ளே உறைந்த ரத்தம்.

ஊராருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மெட்காஃப் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இறந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, இது இயற்கைதான் என்று அவர் சொல்லிப் பார்த்தார். நுரையீரலில் காசநோய் பரவியிருப்பது தெரிகிறது என்றும் சொன்னார். என் தொழில் வாழ்க்கையில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இந்த மனிதரைத்தான். பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்தது 1882 மார்ச் 24 அன்று. ஏறக்குறைய சரியாகப் பத்து வருடம் கழிந்திருந்தது. காரணம் என்னவென்று மெட்காஃபுக்குத் தெரியும். ஆனால் எட்வினுக்குக் கொடுக்க அவர் கையில் ஒரு மருந்தும் இல்லை. ஊரார் கையில் ஏதோ ஒன்று இருந்தது.

அங்கேயே ஒரு பாறைமேல் தீ மூட்டி இதயத்தையும் கல்லீரலையும் எரித்தார்கள். சாம்பலைக் கரைத்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். தங்கையின் இதயம் அது. அவனுக்கு அது தெரிந்தே இருந்திருக்கும். மே 2ஆம் தேதி எட்வின் இறந்தான்.

சரி, மெர்சியின் உடல் ஏன் கெடவில்லை? ரோட் ஐலண்டின் ஜனவரியில் நிலம் உறைந்து கல்லாகிவிடும், குழி வெட்ட முடியாது. அதனால் குளிர்காலத்தில் இறந்தவர்களைத் தரைக்கு மேலே கட்டிய சின்னக் கல் அறையில் வைத்துவிட்டு, இளவேனிலில் புதைப்பார்கள். மெர்சியும் அங்கேதான் இருந்தாள். இரண்டு மாதம் பனிக்கட்டிக் குளிரில், இன்றைய சவக்கிடங்கின் குளிர்பெட்டிக்குள் வைத்தது மாதிரி. எட்டு வருடம் மண்ணுக்குள் கிடந்த தாயோடு அவளை ஒப்பிட்டுக் குற்றவாளியாக்கினார்கள்.

வெயில்காலத்தில் தோண்டினாலும் உடம்பு பார்க்கிறவர்களை ஏமாற்றும். 1725இலும் 1732இலும் செர்பிய கிராமங்களில் இதுபோல் தோண்டியபோது, ஆஸ்திரிய அதிகாரிகளும் ராணுவ மருத்துவர்களும் அறிக்கை எழுதினார்கள். வயிறு உப்பியிருந்தது, வாயில் ரத்தம் இருந்தது, பழைய தோல் கழன்று புதுத் தோல் வந்திருந்தது, நகமும் அப்படியே என்று. அந்த அறிக்கைகள் வழியாகத்தான் 'வாம்பயர்' என்ற சொல் ஐரோப்பா முழுக்கப் பரவியது. அவர்கள் பொய் எழுதவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்கள். உடலுக்குள் வாயு சேர்ந்து வயிற்றை உப்பவைக்கும். அந்த அழுத்தத்தில் நுரையீரலிலிருந்து கருஞ்சிவப்புத் திரவம் வாய்க்கும் மூக்குக்கும் ஏறி வரும். மேல்தோல் உரிந்தால் அடியில் இருப்பது பளபளவென்று புதிதாகத் தெரியும். பிரேதப் பரிசோதனை அறையில் இதெல்லாம் அன்றாடம் பார்ப்பது. ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா 1755இல் தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனை வைத்து இதை ஆராயச் சொல்லி, பிணங்களைத் தோண்டிச் சிதைப்பதைத் தடைசெய்தார்.

1990 நவம்பரில் கனெக்டிகட் மாநிலத்தில் கிரிஸ்வோல்ட் என்ற ஊரில் சரளைக் குழி ஒன்றில் ஒரு பழைய இடுகாடு வெளிப்பட்டது. அதில் ஒரு சவப்பெட்டியின் மூடியில் பித்தளை ஆணிகளால் 'ஜே.பி. 55' என்று அடித்திருந்தது. உள்ளே இருந்த எலும்புக்கூட்டின் தலையை எடுத்து மார்புப் பக்கம் வைத்து, தொடை எலும்புகளைக் குறுக்கே போட்டிருந்தார்கள். புதைத்துப் பல வருடம் கழித்து யாரோ திரும்ப வந்து செய்த வேலை. விலா எலும்புகளில் காசநோய் போல் தெரியும் தழும்புகள் இருந்தன. 2019இல் மரபணுச் சோதனை மூலம் அவர் ஜான் பார்பர் என்ற விவசாயியாக இருக்கக்கூடும் என்று அறிந்தார்கள். 55 வயது வரை மண்ணைக் கொத்திய மனிதர். இதயத்தை எரிக்கலாம் என்று போனவர்கள் எலும்பு மட்டும் இருப்பதைப் பார்த்து இப்படி மாற்றி அடுக்கிவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

புகழ்பெற்ற 'டிராகுலா' நாவல் 1897இல் வந்தது. அதை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் காகிதங்களுக்கு நடுவே, அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் நியூ இங்கிலாந்துப் பகுதியில் நடந்த இந்தத் தோண்டல்களைப் பற்றி 1896இல் 'நியூயார்க் வேர்ல்ட்' வெளியிட்ட செய்தி நறுக்கு ஒன்று இருந்தது. அவர் குறிப்பெடுக்கத் தொடங்கியது 1890இலேயே. அதனால் மெர்சியிலிருந்துதான் டிராகுலா பிறந்தான் என்று சொல்வது மிகை.

மறுபடியும் அந்தக் கேள்விக்கு வருகிறேன். யாரிடமிருந்து வந்தது? எக்ஸெட்டர் ஊரார் ஒரு விஷயத்தைச் சரியாகப் பார்த்துவிட்டார்கள்: நோய் ஒரே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. அவர்கள் தவறவிட்டது காலத்தை. இறந்த பிறகு எதுவும் தொற்றவில்லை. தாய் உயிரோடு இருந்து, சமைத்து, பிள்ளைகளைப் பக்கத்தில் படுக்கவைத்து, குளிருக்கு ஜன்னலையெல்லாம் அடைத்த வீட்டில் இருமிக்கொண்டிருந்த நாட்களிலேயே அது தொற்றியிருக்கலாம். கிருமி உள்ளே போன பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் நோயாக வெளிப்படும். அதுவும் பல வருடம் தூங்கிவிட்டு எழுந்திருக்கலாம். அந்த இடைவெளிதான் ஊராரைக் குழப்பியது.

இதை உலகத்துக்கு உறுதியாகக் காட்டியதில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். ஏழைக் காசநோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். நெருக்கடியான சின்ன வீடுகள், போதாத சாப்பாடு. அப்படியிருந்தும் வீட்டில் இருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகத் தேறினார்கள். கூட இருந்த குடும்பத்தினரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. பரவல் பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. அதன் பிறகு உலகம் முழுக்கச் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நோயாளி தன் வீட்டிலேயே, தன் பிள்ளைகளோடு இருக்கலாம் என்றானது.

அதனால்தான் என்னிடம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்பவர்களிடம் நான் பெயர் எதையும் சொல்வதில்லை. வீட்டில் எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, வேறு யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறார்களா என்று திருப்பிக் கேட்பேன். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்வேன்.

ஜார்ஜ் பிரவுன் 1922 வரை வாழ்ந்தார். செஸ்ட்நட் ஹில் கல்லறைத் தோட்டம் இப்போதும் இருக்கிறது. மெர்சியின் கல்லைத் தேடி ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். 1996இல் யாரோ அந்தக் கல்லையே திருடிக்கொண்டு போய், பிறகு அது திரும்பக் கிடைத்தது. இப்போது இரும்புப் பட்டை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அதில் பொறித்திருப்பது இவ்வளவுதான்: மெர்சி எல்., ஜார்ஜ் டி. மற்றும் மேரி ஈ. பிரவுனின் மகள், இறந்த நாள் 1892 ஜனவரி 17, வயது 19.

நன்றி. வணக்கம்.