காசு செலவில்லாத மூண்டு செக்கன்: வாயே திறக்காத பிள்ளையும் பேசும்!

[கமெராவுக்கு நேரே]

வணக்கம் டீச்சர்மாரே, சேர்மாரே! எடுத்த உடனே ஒரு கேள்வி. நம்ம திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு. அப்ப ஏன் ஏழுலயும் ஒரே சூடு இல்லை?

[பேசாமல் கமெராவையே பார்த்தபடி. திரையில்: 1… 2… 3…]

"என்ன, நெட் நிண்டுட்டா?" எண்டு கொஞ்சப் பேர் போனைத் தட்டியிருப்பீங்க. நெட் நிக்கல்ல. நான்தான் மூண்டு செக்கன் பேசாம இருந்தனான். அந்த மூண்டு செக்கனுக்குள்ள உங்கட தலைக்குள்ள ஏதோ ஒரு பதில் எட்டிப் பாத்திருக்குமே? பாறை, நிலத்துக்கடித் தண்ணி எண்டு ஏதாவது? அதுதான் இண்டைக்கு விஷயம்.

பின்னணி சுருக்கமா. மேரி பட் ரோ எண்டு அமெரிக்காவில ஒரு கல்வி ஆராய்ச்சியாளர். விஞ்ஞானப் பாடங்களை டேப்பில பதிஞ்சு, ஆசிரியர் கேள்வி கேட்டு முடிச்சதுக்கும் அடுத்ததா வாய் திறக்கிறதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் போகுது எண்டு அளந்தாங்க. 1974ல கட்டுரையா எழுதினாங்க. பின்னணி அவ்வளவுதான், இனி சுவாரசியம்.

சராசரியா எவ்வளவு நேரம் எண்டு நினைக்கிறீங்க? பத்து செக்கன்? அஞ்சு? ஒரு செக்கன்! ஒரே ஒரு செக்கன்தான். அதுக்குள்ள பதில் வராட்டி ஆசிரியரே பதிலைச் சொல்லிடுறது, இல்லாட்டி "சரி, நீ சொல்லு" எண்டு முன் வாங்குப் பிள்ளைக்குத் தாவிடுறது. இன்னும் மோசமான செய்தி இருக்கு. கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கூடுதலா நேரம் குடுக்கிறம், தடுமாறுற பிள்ளைக்குக் குறைச்சுக் குடுக்கிறம். ஆருக்கு நேரம் வேணுமோ அவனுக்குத்தான் வெட்டு. வேணுமெண்டு ஆரும் செய்யிறதில்லை. "பாவம், தெரியாது போல, எல்லாருக்கும் முன்னால ஏன் அவமானப்படுத்துவான்" எண்டு நல்ல மனசோடதான் செய்யிறம். ஆனா பிள்ளை அதை எப்படி எடுக்கும்? "மிஸ் என்னட்ட இருந்து ஒண்டையும் எதிர்பாக்கல்ல."

காத்திருப்பை மூண்டு செக்கனாக்கினதும் பதில்கள் நீண்டுது. "தெரியாது" குறைஞ்சுது. இவன் மக்கு எண்டு ஒதுக்கி வச்ச பிள்ளைகளும் பேசத் தொடங்கிச்சு. பிறகு ஆசிரியர்மார் அந்தப் பிள்ளைகளைப் பாக்கிற பார்வையே மாறிச்சு. எனக்குப் பிடிச்சது இந்தக் கடைசி விஷயம்தான். மாணவரோட நெருங்கிறது எண்டா நாம பிள்ளையை மாத்திறதைப் பத்தியே பேசுவம், இங்க மாறினது டீச்சர்!

அடுத்தது, ஆரும் கவனிக்காத ரெண்டாவது மூண்டு செக்கன். பிள்ளை பதில் சொல்லி முடிச்ச பிறகு வாறது. நாம உடனே "வெரி குட்!" எண்டுடுறம். பாராட்டுத்தானே, என்ன பிழை? பாராட்டு மழை பொழியிற வகுப்புகள்ல பிள்ளைகள் பதிலையே கேள்வி மாதிரி இழுத்துச் சொல்லுறதை ரோ கவனிச்சாங்க. "ஒட்சிசன்…?" எண்டு சொல்லிக்கொண்டே டீச்சர்ட முகத்தைப் பாக்கிறது. பதிலை யோசிக்கல்ல, உங்கட புருவத்தைப் படிக்கிறாங்க! பிள்ளை நிப்பாட்டின பிறகு மூண்டு செக்கன் பேசாம இருந்து பாருங்க, "ஏனெண்டா மிஸ்…" எண்டு தானாவே தொடரும். அந்த "ஏனெண்டா"தான் உங்களுக்கு வேணும்.

[திரையில்: பிரெட்ரிக் கோட்டை வாசல், மான் கூட்டம்]

நம்ம கோட்டை மான் மாதிரித்தான். கையை நீட்டிக்கொண்டு பாய்ஞ்சு போனா விலகிடும், சும்மா நிண்டா பக்கத்தில வந்து உங்கட பையையே மணந்து பாக்கும். என்ன, மான் சாப்பாட்டுக்கு வருது. பிள்ளைகள் அதுக்கும் வருவாங்க எண்டு வையுங்க, ஆனா அது இடைவேளைக்குப் பிறகு.

செய்யிறது எப்படி? கேள்வியை முதல்ல கேளுங்க, பேரைப் பிறகு சொல்லுங்க. "நிரோஷன், நீ சொல்லு" எண்டு தொடங்கினா மற்ற முப்பத்தொம்பது பேரும் அந்த நிமிஷமே லீவு. கேள்வி, மௌனம், பிறகு பேர். மௌனத்தை அளக்க மணிக்கூடு வேண்டாம். மனசுக்குள்ள "திருகோணமலை ஒண்டு, திருகோணமலை ரெண்டு, திருகோணமலை மூண்டு" எண்டு எண்ணுங்க, சரியா வரும். கிண்ணியா ஆசிரியர்மார் ஊர்ப் பற்றில "கிண்ணியா ஒண்டு" எண்டு எண்ணினா வேகமா முடிஞ்சிரும், கொஞ்சம் இழுங்க. தம்பலகாமத்தாருக்குப் பிரச்சினையே இல்லை, பேரே நீட்டு.

எல்லாக் கேள்விக்கும் இது வேண்டாம். ஏழெட்டு எத்தினை எண்டு கேட்டுட்டு மூண்டு செக்கன் முழிச்சுக்கொண்டு நிண்டா பிள்ளைகள் டொக்டரைக் கூப்பிடுவாங்க. "கோட்டையை முதல்ல கட்டினது ஆர்?" எண்டா ஒரு சொல்லில முடியும். "போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், இங்கிலீசுக்காரர் நாலு பேரும் ஏன் இந்த ஒரு துறைமுகத்துக்கு அடிபட்டாங்க?" எண்டு கேளுங்க. இதுக்கு நேரம் வேணும். முதல் நாளே சொல்லியும் வையுங்க: "நான் கொஞ்சம் பேசாம நிப்பன், அது கோவம் இல்லை." சொல்லாட்டி பின் வாங்கில சிரிப்புத் தொடங்கிடும்.

"சிலபஸ் ஆர் முடிக்கிறது?" எண்டு கேப்பீங்க எண்டு தெரியும். கணக்குப் பாப்பம். ஒரு பாடவேளை 40 நிமிஷம் எண்டு வையுங்க. அதில இப்படி 20 கேள்வி. ஒவ்வொண்டுக்கும் முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு செக்கன் கூட. மொத்தம் 80 செக்கன். இடாப்புக் கூப்பிடவே இதைவிட நேரம் போகுது.

[இசை. காட்சி மாற்றம்]

பிள்ளைகளோட நெருங்க மற்ற வழியெல்லாம் கடகட எண்டு.

வாசல் வரவேற்பு. 2018ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வு. வகுப்பு வாசல்ல நிண்டு பிள்ளைகளைப் பேர் சொல்லி வரவேற்ற வகுப்புகள்ல, பாடத்தில கவனமா இருந்த நேரம் 20 சதவீதப் புள்ளி கூடிச்சு. ஆனா அங்க பிள்ளைகள்தான் வகுப்பு மாறுறாங்க, இங்க நாமதானே மாறுறம்! அதனால இது காலமை வகுப்பாசிரியருக்குரிய வேலை. எல்லாரும் எழும்பி ஒரே குரல்ல "வணக்கம்" சொல்லுறது கணக்கில்லை. தனித்தனியா, பேரோட. பேரை வீட்டில எப்படிக் கூப்பிடுறாங்களோ அப்படியே சொல்லுங்க.

ரெண்டு நிமிஷம், பத்து நாள். இது ரேமண்ட் வ்லொட்கோவ்ஸ்கி எண்ட உளவியலாளர்ட முறை. இந்தப் பேரைச் சொல்ல எனக்கே மூண்டு செக்கன் வேணும். உங்களுக்குத் தலையிடி தாற ஒரே ஒரு பிள்ளையைத் தெரிவு செய்யுங்க. பத்து நாளைக்குத் தினமும் ரெண்டு நிமிஷம் கதையுங்க. படிப்பைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. புட்போல், கிரிக்கெட், நாய்க்குட்டி, அப்பாட வள்ளம், எதுவும் சரி.

வள்ளம் எண்டதும் ஒண்டு. கார்த்திகை, மார்கழியில கடல் குழம்பினா கரையோரத்துப் பிள்ளைகளின்ட வீடுகள்ல வருமானம் விழுந்திரும். அந்த மாசங்கள்ல போட்டோகொப்பிக் காசை வகுப்புக்கு முன்னால எழுப்பிக் கேக்காதீங்க. தயவு செய்து. தனியக் கூப்பிட்டுக் கேளுங்க, முடிஞ்சா தள்ளிப் போடுங்க. பத்து நாள் கதைச்சுச் சேத்த நம்பிக்கை அந்த ஒரு கேள்வியில உடைஞ்சிரும்.

கடைசியா, வீட்டுக்கு ஒரு கோல். ஸ்கூல்ல இருந்து போன் வந்தா நம்ம அம்மாமாருக்கு நெஞ்சு அடைச்சிரும். ஒண்டில் விழுந்திட்டான், இல்லாட்டி அடிபட்டுட்டான். அதனால முதல் வசனமே "அம்மா, ஒரு பிரச்சினையும் இல்லை" எண்டு இருக்கட்டும். பிறகு "இண்டைக்கு உங்கட மகன் நல்ல ஒரு கேள்வி கேட்டான்" எண்டு சொல்லிட்டு வையுங்க. அரை நிமிஷக் கதை. வாரத்துக்கு ஒரு வீடு போதும்.

மூதூர், குச்சவெளி, வெருகல் பக்கம் படிப்பிக்கிற ஆசிரியர்மார் ஆராவது பாக்கிறீங்களா? நாளைக்கு ஒரு பாடவேளையில மட்டும் எண்ணிப் பாத்திட்டு, பிள்ளையின்ட பேரைப் போடாம, என்ன நடந்தது எண்டு கீழ எழுதுங்க. "ஒண்டும் நடக்கல்ல, எல்லாரும் என்னையே பாத்துக்கொண்டிருந்தாங்க" எண்டாலும் எழுதுங்க. அந்த வகுப்புகளுக்கு என்ன செய்யலாம் எண்டு அடுத்த வீடியோவில பாப்பம்.