முப்பது ஆண்டு கடந்தும் குரோனோ டிரிகர்

(கும்பகோணத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் பின்வரிசையில் நிற்கும் மாணவர்களுக்கும் வணக்கம். இலக்கியம் பேசும் மேடையில் வீடியோ கேமுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நானும் கதை சொல்லும் முறை ஒன்றைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அந்தக் கதை 4 மெகாபைட் கொள்ளளவுள்ள ஒரு கேசட்டுக்குள் அடங்கியிருந்தது, அவ்வளவுதான்.

ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1995 மார்ச்சில் வெளியிட்ட 'குரோனோ டிரிகர்' ஆட்டத்துக்காக, ஃபைனல் ஃபேன்டஸி தொடரைத் தொடங்கிய ஹிரோனோபு சகாகுச்சியும், அதன் போட்டித் தொடரான டிராகன் குவெஸ்டை உருவாக்கிய யூஜி ஹோரியும், ஓவியர் அகிரா தோரியாமாவும் ஒன்றுசேர்ந்தார்கள். இந்தப் பெயர்கள் அன்றைய விற்பனைக்கு உதவியிருக்கும். ஆனால் அப்போது பிறந்தே இராத பிள்ளைகள் இன்று கைப்பேசியில் இதை ஆடுவதற்கு இவை காரணமாக முடியாது. இளமை நினைவின் இனிமை என்றும் சொல்லிவிட முடியாது. நம் பக்கத்தில் இந்த ஆட்டம் ஓடிய கருவியைக் கண்ணால் கண்டவர்களே குறைவு, பிற்காலத்தில் பிரவுசிங் சென்டர் கணினியில், அந்தக் கருவியைப்போலவே இயங்கும் எமுலேட்டர் என்ற மென்பொருள் வழியாக அறிந்தவர்களே மிகுதி. ஆடுபவர் செய்யும் சிறு காரியத்தையும் இந்த ஆட்டம் மறக்காமல் கணக்கில் வைத்துக்கொள்கிறது என்பதே, என் பார்வையில், இதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம்.

முதலில் படத்தைச் சொல்கிறேன். திரை முழுவதற்கும் அகலத்தில் 256 புள்ளிகள், உயரத்தில் 224 புள்ளிகள். ஒரு பாத்திரத்தின் உயரம் நாற்பது புள்ளிகளுக்கும் குறைவு. அதற்குக் கிடைத்த வண்ணங்கள் பதினைந்து. திருபுவனத்தில் பட்டுக்கு டிசைன் போடுபவர் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பும்போது, ஒரு கட்டம் தவறினாலும் அன்னத்தின் கழுத்து கோணிவிடும் என்று அறிந்தே நிரப்புகிறார். இந்த ஓவியர்களின் நிலையும் அதுதான். ஓரிரு புள்ளிகளே கண்ணாக இருக்கும் முகத்தில் துயரத்தை வரைய இடமில்லை. ஆகவே தலையைக் கவிழ்ப்பது, திரும்பி நிற்பது, ஒரு கணம் தயங்குவது என்று உடலின் அசைவால் கூத்துக் கலைஞரைப்போல் உணர்த்தினார்கள். யசுனோரி மிட்சுடாவின் இசையும் எட்டே ஒலித்தடங்களில் உருவானது. அதைப் பேச இன்னொரு மாலை வேண்டும்.

இப்போது கதைக்கு வருகிறேன். தொடக்கத்தில் ஒரு திருவிழாத் திடல். இளைஞன் குரோனோ ஒரு பெண்மீது மோதிவிட, அவளுடைய பதக்கம் தெறித்து விழுகிறது. முதலில் அவளை நலம் விசாரித்தீர்களா, பதக்கத்தை எடுக்க ஓடினீர்களா? யாரோ ஒரு பெரியவரின் மதிய உணவு மேசைமேல் இருக்கிறது. விளையாட்டில் கிடைப்பதை எல்லாம் எடுத்துக்கொள்வதுதானே வழக்கம் என்று தின்றுவிடுகிறோம். வெகுநேரம் கழித்து, அந்தப் பெண் இளவரசி என்றும் அவளைக் கடத்தியதாகக் குரோனோமீது வழக்கு என்றும் தெரியவரும்போது, உணவை இழந்த பெரியவர் சாட்சிக் கூண்டில் வந்து நிற்கிறார். தீர்ப்பு எதுவானாலும் சிறைவாசம் தப்பாது என்பதால் இது ஒருவகையில் ஆட்டத்தை உருவாக்கியவர்களின் கண்கட்டு வித்தையே. ஆனாலும் அன்று நெளியாதவர் இல்லை.

கதை கி.பி. 1000இல் தொடங்கி, 600க்கும் உலகம் அழிந்துகிடக்கும் 2300க்கும் போய்வருகிறது. அந்தக் கற்பனை நாட்டுக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆயினும் 1000 என்றதும் தஞ்சையில் ராஜராஜன் அரியணையில் இருந்த காலமாயிற்றே என்று டெல்டாக்காரன் மனம் ஓடுவதை நான் என்ன செய்ய? 600ஆம் ஆண்டில் ஃபியோனா என்ற பெண் பாலையாகிவிட்ட நிலத்தை மீண்டும் காடாக்க விரும்புகிறாள். ஒரு மனித ஆயுளில் முடியாத வேலை அது. ரோபோ என்ற இயந்திரத் தோழன் தான் தங்கி அதைச் செய்வதாகச் சொல்கிறான். நாம் கால ஊர்தியில் ஏறி 1000ஆம் ஆண்டுக்கு வந்தால், ஆடுபவருக்குக் கழிவது சில நொடிகள், அவனுக்கு நானூறு ஆண்டுகள். மணல் இருந்த இடத்தில் காடு நிற்கிறது. அவன் உடல் பழுதாகிக் கிடக்கிறது. சந்திராதித்தவரை, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, என்று கல்லில் வெட்டிக் கொடை தந்தவர்களின் ஊரில், இந்தக் கட்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அன்றிரவே, அவனைப் பழுது பார்த்த குரோனோவின் தோழி லுக்காவுக்கு, தன் தாய் இயந்திரத்தில் சிக்கிக் கால்கள் செயலிழந்த நாளுக்குத் திரும்பும் வழி திறக்கிறது. இயந்திரத்தை நிறுத்தும் கடவுச்சொல் தாயின் பெயரான லாரா. அதை எல், ஏ, ஆர், ஏ என்று கையிலுள்ள பொத்தான்களையே அழுத்தி உள்ளிட வேண்டும். பதற்றத்தில் பிந்தினால் ஆட்டம் முடிந்துவிடாது. தாய் நடக்க முடியாதவளாகவே இருக்க, கதை தன் போக்கில் போகிறது. உலகத்தைக் காப்பாற்றும் சண்டைகளை விட இந்த நான்கு அழுத்தல்கள் கடினமானவை என்பேன்.

2018இல் கணினிக்காக ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வந்த பதிப்பில் புள்ளிகளின் விளிம்பை மழுக்கி வழவழப்பாக்கியிருந்தார்கள். ஆடியவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். சில வாரங்களிலேயே பழைய தோற்றத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியை நிறுவனம் சேர்த்தது. புதிதாக ஆட நினைக்கும் மாணவர்கள் முதலில் அமைப்புகளுக்குப் போய் அந்தத் தெரிவை மாற்றிக்கொண்டு தொடங்குங்கள்.